பழைய புல்லட்டுக்குப் புது முன் ஷாக்: எதை மாற்றுவது, எதை விடுவது

"முன் ஷாக்கை மாத்தணும்ணே" என்று பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஷாக்குல என்ன குறை?" அநேகமாக வருகிற பதில், "பிரேக் பிடிக்கவே மாட்டேங்குதுண்ணே." ஷாக்கைப் பற்றிக் கேட்டால் பிரேக்கைச் சொல்கிறார்கள். இந்த முடிவை எடுக்கப்போகிறவர் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான். புது மாடல் முன்பகுதியை வாங்கிப் பூட்டுகிறவர்களில் பலர் உண்மையில் வாங்குவது ஒரு டிஸ்க் பிரேக்கை; ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் குழாய்; முன் ஷாக் என்று நாம் சொல்வது இதைத்தான்) கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. குறை பிரேக்கிலா, வளைவில் வண்டி நெளிவதிலா, பள்ளத்தில் டமால் என்று இடிப்பதிலா என்று தெரியாமல் சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போனால், கண்ணில் படுகிற தடித்த ஃபோர்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

நான் பேசுவது இரும்பு இன்ஜின் ஸ்டாண்டர்டு 350 பற்றி. 2010 வாக்கில், இன்ஜினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த யூ.சி.இ. இன்ஜினுக்கு வழிவிடும்வரை வந்த வண்டி. முன்னால் 19 அங்குலச் சக்கரம், 3.25 டயர், 6 அங்குல டிரம். வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக். என்னிடம் இருப்பது அப்பாவின் 1988 வண்டி. மச்சானிடம் ஒரு 1994 இருக்கிறது. இரண்டிலும் இரண்டு விதமான வேலை செய்து ஓட்டிப் பார்த்தாயிற்று. மூன்றாவதாக, குழாய் விட்டம் 41 மி.மீ. உள்ள தடித்த ஃபோர்க் போட்ட நண்பர் ஒருவரின் வண்டியை ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். அந்த மூன்றையும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

குறை எங்கே என்று பார்ப்பது

கால் மணி நேர வேலை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் தரையிலிருந்து எழும்படி இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுங்கள். ஃபோர்க்கின் கீழ்முனையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்றால் கோன் செட்டில் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்கில்) ஆட்டம். ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் 'கடக்' என்று உட்கார்ந்தால், கோன் கப்பில் குண்டுகள் குழி போட்டுவிட்டன. நேர் ரோட்டில் வண்டி இடமும் வலமும் அலைபாய்வதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். இதற்கு எந்தப் புது ஃபோர்க்கும் தேவையில்லை.

அடுத்து, முன் சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை அமுக்கி விடுங்கள். ஒரே மூச்சில் எழும்பி நின்றால் எண்ணெய் வேலை செய்கிறது. இரண்டு மூன்று முறை குதித்தால் எண்ணெய் செத்துவிட்டது, அல்லது சீல் வழியே போய்விட்டது. குழாயில் சொரசொரப்பான புள்ளிகள் தட்டுப்பட்டால் குரோம் உரிந்திருக்கிறது. அந்தக் குழாயில் எத்தனை சீல் மாற்றினாலும் இரண்டு மாதம்தான்.

கடைசியாக பிரேக். 60 கி.மீ. வேகத்திலிருந்து 80க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது என்று மனசு கணக்குப் போடும். வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் உண்மையில் அது ஏறக்குறைய 1.8 மடங்கு. அந்தக் காலத்து ரோட்டில் 60க்குப் போதுமாக இருந்த டிரம், இன்றைக்கு நான்கு வழிச் சாலையில் 80இல் போகும்போது 'பிடிக்காத பிரேக்' ஆகிவிடுகிறது. டிரம் பழையபடியேதான் இருக்கிறது, ரோடுதான் மாறிவிட்டது.

எனக்கு ஞானம் வந்தது திண்டிவனம் தாண்டி, ஓர் ஆட்டுமந்தைக்கு முன்னால். வாரம் முழுக்கப் புது வண்டியில் ஆபீஸ் போய்ப் பழகிய கால். பதற்றத்தில் வலது பாதம் பிரேக் என்று நினைத்து கியர் லீவரை மிதித்தது. அந்த நொடியில் என்னிடம் இருந்தது முன் பிரேக் மட்டும்தான். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அன்று இரவே டிஸ்க் விலை விசாரிக்க ஆரம்பித்தேன். வலப்பக்க கியர் வண்டியையும் இன்றைய வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் முன் பிரேக்கை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

முதல் வழி: இருக்கிற ஃபோர்க்கையே எழுப்புவது

இதை யாரும் விரும்புவதில்லை. புதிதாக எதுவும் கண்ணுக்குத் தெரியாதே! ஆனால் பழைய ஃபோர்க்கைச் சரியான நிலையில் ஓட்டிப் பார்க்காமலே அதை மோசம் என்று சொல்வது அநியாயம். பலர் ஒப்பிடுவது முப்பது வருஷம் தேய்ந்த ஃபோர்க்கை, நேற்று ஷோரூமிலிருந்து வந்த ஃபோர்க்கோடு.

குழாய்களைக் கழற்றி, கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்த்தாலே வளைவு தெரிந்துவிடும். லேசான வளைவை ஃபோர்க் பெண்டு எடுக்கிற கடையில் நிமிர்த்துவார்கள். மடிப்பு விழுந்த குழாயை நிமிர்த்தி ஓட்டுவது வேண்டாம், மாற்றிவிடுங்கள். குரோம் போயிருந்தால் ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்டிங் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவரலாம், அல்லது புதுக் குழாயே வாங்கலாம். புஷ், ஆயில் சீல், ஸ்பிரிங், கோன் செட் எல்லாம் புதிது. இரண்டு காலிலும் எண்ணெய் ஒரே அளவு. இதை அளவு ஜாடியில் ஊற்றிப் பார்க்காமல் 'ஒரு குத்துமதிப்பாக' ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு கால் கனமாகவும் இன்னொரு கால் லேசாகவும் வேலை செய்ய அதுவே போதும்.

டிரம்மைச் சரிசெய்வதில்தான் கைத்திறன் இருக்கிறது. புது பிரேக் ஷூவை வாங்கி அப்படியே போட்டால் அது டிரம்மின் வளைவோடு முழுக்க ஒட்டாது. நடுவில் மட்டுமோ ஓரத்தில் மட்டுமோ தொடும். முதலில் டிரம்மை லேத்தில் ஏற்றி வட்டம் சரிசெய்ய வேண்டும். பிறகு ஷூவைப் பிளேட்டில் பூட்டிய நிலையிலேயே லேத்தில் ஏற்றி, டிரம்மின் உள்விட்டத்துக்கு மிக நெருங்கிய அளவுக்குக் கடைந்தெடுக்க வேண்டும். இதைச் செய்து கொடுக்கிற லேத்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துக் கிளப்பவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இன்னொன்று, பிரேக் முழுதாகப் பிடிக்கும்போது கேபிளும் கேம் லீவரும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். ஷூ தேயத் தேய நட்டை மட்டும் முடுக்கிக்கொண்டே போனால் லீவர் அந்தக் கோணத்தைத் தாண்டிவிடும். கையில் எவ்வளவு பலம் கொடுத்தாலும் பாதிதான் ஷூவுக்குப் போய்ச் சேரும்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம் இருக்கிறது. புல்லட் 500, மச்சிஸ்மோ வகைகளில் கம்பெனியே போட்ட சரக்கு. சாதாரண டிரம்மில் ஒரு ஷூவை மட்டும்தான் சுழற்சி தானாக உள்ளே இழுத்து அழுத்தும். இன்னொன்றைத் தள்ளிவிடப் பார்க்கும். இதில் இரண்டுமே இழுபடும். இரண்டு கேம்களையும் இணைக்கிற கம்பியின் நீளத்தைச் சரியாக வைத்தால் வித்தியாசம் முதல் பிடியிலேயே தெரியும். தவறாக வைத்தால் ஒரே ஷூதான் வேலை செய்யும், கொடுத்த காசு தண்டம். மேட்டில் நிறுத்தி வண்டி பின்னால் உருளும்போது மட்டும் இதன் பிடி வெகுவாகக் குறையும், பதற வேண்டாம். பூட்டும்போது பார்க்க வேண்டியது பிளேட் ஃபோர்க்கில் மாட்டித் தடுத்து நிற்கிற அந்த ஆங்கர் பகுதி. அது தளர்ந்தாலோ சரியாக உட்காராமல் போனாலோ, பிரேக் பிடித்த கணத்தில் பிளேட்டே சுற்றிக் கேபிளையும் அறுத்துக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும்.

அப்பாவின் வண்டியில் நான் செய்தது இதுதான்.

இரண்டாம் வழி: அதே குடும்பத்து டிஸ்க் ஃபோர்க்

புல்லட் எலெக்ட்ராவிலும் 2021க்கு முந்தைய கிளாசிக் 350இலும் வந்தது 35 மி.மீ. குழாய், 280 மி.மீ. டிஸ்க். பழைய ஸ்டாண்டர்டின் ஃபோர்க்கும் கிட்டத்தட்ட அதே பருமன்தான். 'கிட்டத்தட்ட' என்று சொல்வதை கவனியுங்கள். வாங்குமுன் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துகொள்ளுங்கள். (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகத்துக்கும் காலிப்பர் என்றுதான் பெயர். அந்த பிரேக் காலிப்பர் வாங்கப் போகிறவரிடம் 'காலிப்பர் எடுத்துக்கிட்டு வாங்க' என்று போனில் சொல்லி, அவர் தவறான காலிப்பரோடு வந்து நின்ற கதை எங்களுக்குள் இன்னும் ஓடுகிறது.)

இந்த வழியின் பெரிய வசதி, முகம் மாறாது. புல்லட்டின் மேல் யோக், அதாவது ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் மேலே சேர்த்துப் பிடிக்கிற பாகம், வெறும் யோக் இல்லை. ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்பியர் மீட்டர், இரண்டு பக்கமும் அந்தப் புலிக்கண் விளக்குகள் எல்லாவற்றுக்கும் அதுவே வீடு. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் 1950களில் பிறந்த வடிவம். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது பாகங்களோடு கூடவே வந்தது; இன்றைக்கும் தூரத்திலிருந்து புல்லட் என்று அடையாளம் சொல்வது அதுதான். எலெக்ட்ராவிலும் அந்தத் தலை அப்படியே இருக்கிறது. அதனால் பல வண்டிகளில் தலையையும் குழாயையும் தொடாமல், காலிப்பர் மாட்டுகிற காதோடு கூடிய கீழ்க்கால்களை மட்டும் மாற்றி, டிஸ்க் ஹப், அச்சு, காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் (லீவரைப் பிடித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற பாகம்), ஹோஸ் ஆகியவற்றைச் சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறது. மச்சான் வண்டியில் அப்படித்தான் செய்தோம்.

முழு செட்டாக ஃபோர்க்கையே மாற்றுகிறவர்கள் ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள்: மரை. பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் அங்குல மரைகள். பிற்கால வண்டிகளில் மெட்ரிக். இரண்டும் முதல் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், மூன்றாவதில் இறுகும். 'டைட்டா இருக்கு, அடிச்சு ஏத்து' என்று ஸ்பேனரை நீட்டினால் மரை போயிற்று. ஸ்டெம்மின் (யோக்கோடு சேர்ந்து திரும்புகிற நடுத்தண்டின்) நட்டைப் பழைய வண்டியிலிருந்து எடுக்காமல், எந்த ஸ்டெம்மோ அதற்குரிய நட்டையே போடுங்கள்.

காலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வர வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் காலிப்பருக்குத் தேவையானதைவிடப் பெரிதாக இருந்தால், லீவர் கல்லாக இருக்கும், பிடி இருக்காது. சிறிதாக இருந்தால் லீவர் ஹேண்டில் வரை வந்து ஒட்டும். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ இரண்டு கடையில் இரண்டு பாகம் வாங்கி மிச்சப்படுத்துகிற ஐந்நூறு ரூபாய் இங்கேதான் பழிவாங்கும். பழைய ஹோஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். பழைய காலிப்பரைப் பிரித்து, சீல் மாற்றி, பிஸ்டன் விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பார்த்த பிறகே பூட்டுங்கள்.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) இருந்த வண்டியிலிருந்து எடுத்த பாகம் என்றால் பயப்பட வேண்டாம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் அது கட்டாயம் என்பதால் சந்தையில் வருவதில் பல அப்படித்தான் இருக்கும். ஏ.பி.எஸ். பெட்டியை விட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நேராகக் காலிப்பருக்கு ஒரே ஹோஸ் போட்டால் சாதாரண டிஸ்க்காக வேலை செய்யும். ஆனால் 'ஏ.பி.எஸ். ஃபோர்க் போட்டிருக்கேன்' என்று மனசில் ஒரு தைரியம் வந்து உட்கார்ந்துவிடுகிறதே, அதுதான் ஆபத்து. சென்சார் வளையம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மணலில் சக்கரம் பூட்டிக்கொண்டால் கேட்க நாதியில்லை.

சின்னச் சின்ன வேலைகள்தான் நாளைத் தின்னும். பழைய வண்டியில் ஸ்பீடோ கேபிள் முன் ஹப்பிலிருந்து வருகிறது. புது ஹப்பில் அந்தக் கியர்ப்பெட்டி வேறு, மிகப் புதிய மாடல்களில் கேபிளே இல்லை. மட்கார்டின் தாங்கு கம்பிகள் புதுக் காலில் வேறிடத்தில் வந்து நிற்கும். மாஸ்டர் சிலிண்டர் வந்ததும் கண்ணாடி மாட்டுகிற இடம் மாறும். இதில் ஒரு லாபமும் உண்டு: மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சுவிட்சைப் பின் விளக்கோடு இணைத்துவிட்டால், முன் பிரேக்கை மட்டும் பிடித்தாலும் ஸ்டாப் லைட் எரியும். பின்னால் லாரி வருகிற ரோட்டில் அதன் அருமை தெரியும். பழைய 6 வோல்ட் வண்டி என்றால் சுவிட்சைத் தாங்குகிற வயரிங்கையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

மச்சான் வண்டியை முதன்முதலில் ஓட்டியபோது இரண்டு விரலில் நின்றது. என் டிரம்முக்கு நான்கு விரல் வேண்டும். மழையில் டிஸ்க் முதல் நொடி மட்டும் தயங்குகிறது, பிறகு பிடித்துவிடுகிறது. தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய என் டிரம்மோ அடுத்த அரை கிலோமீட்டருக்கு லேசாக பிரேக்கைப் பிடித்தபடி ஓட்டிக் காய வைத்த பிறகுதான் நினைவு திரும்புகிறது. ஏலகிரி இறக்கத்திலும் அவன் வண்டிக்கு மூச்சு வாங்கவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாம் வழி: 41 மி.மீ.

2012க்குப் பிந்தைய தண்டர்பேர்டு, ஹிமாலயன் 411, இன்டர்செப்டர், 2021இல் வந்த புதிய கிளாசிக் என்று எல்லாவற்றிலும் 41 மி.மீ. குழாய். பார்க்க மிரட்டுகிறது. குழாயின் சுவர்த் தடிமன் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், வளைவை எதிர்க்கும் பலம் விட்டத்தின் மும்மடியில் ஏறும். 35இலிருந்து 41க்குப் போனால் சுமார் 1.6 மடங்கு. எண்ணாகப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் அந்தப் பலத்தைத் தாங்க வேண்டியது யார்? பழைய புல்லட்டின் ஃபிரேமில் முன்னால் ஒரே இறங்கு குழாய். அடிப்பக்கம் திறந்த கூடு, இன்ஜினே பாலமாக நின்று அதை முழுமையாக்குகிறது. முன்னே வளைந்துகொடுத்துக்கொண்டிருந்த ஃபோர்க்கை இரும்புத் தூணாக்கிவிட்டால், குலுக்கல் எல்லாம் ஹெட் பகுதிக்கும் இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகளுக்கும் போகும். பலவீனம் எங்கும் ஓடிவிடவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

நீளக் கணக்கு இன்னும் முக்கியம். புல்லட்டின் இரு சக்கர இடைவெளி சுமார் 1,370 மி.மீ. முன்பக்கம் 24 மி.மீ. உயர்ந்தால் ஃபோர்க்கின் சாய்வு ஒரு டிகிரி கூடும். ஹிமாலயனின் 21 அங்குலச் சக்கரத்தைப் போட்டால், சக்கரத்தின் ஆரமே பழையதைவிட ஏறக்குறைய 24 மி.மீ. அதிகம். சக்கரத்தால் மட்டுமே ஒரு டிகிரி போய்விட்டது. அதன் மேல் 200 மி.மீ. அமுங்கி எழுகிற அந்த நீண்ட ஃபோர்க் வேறு.

ஒரு டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஹேண்டில் திரும்புகிற அச்சைக் கோடாகத் தரைவரை நீட்டுங்கள். டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் ட்ரெயில். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சக்கரம் தானாகத் திரும்பி, போகிற திசைக்கு நேராக நிற்கிறதல்லவா, அதே தத்துவம். கணக்குக்காக 27 டிகிரி சாய்வு, யோக்கின் முன்தள்ளல் 60 மி.மீ., சக்கர ஆரம் 324 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ட்ரெயில் சுமார் 98 மி.மீ. சாய்வு ஒரு டிகிரி கூடினால் 104. சாய்வை மாற்றாமல் முன்தள்ளலை மட்டும் 10 மி.மீ. குறைத்தால் 109. ட்ரெயில் கூடினால் நேர் ரோட்டில் கோயில் தேர் மாதிரி அசையாது போகும், சந்தில் திருப்ப முதுகு ஒடியும். குறைந்தால் சந்தில் சைக்கிள் மாதிரித் திரும்பும், 80இல் ஹேண்டில் நடுங்கும். புது ஃபோர்க்கின் யோக்கை அதன் சொந்த ஃபிரேமின் சாய்வுக்கென்று வடித்திருக்கிறார்கள்; உங்கள் ஃபிரேமின் சாய்வு அதற்குத் தெரியாது.

நண்பரின் வண்டியில் உணர்ந்ததும் இதுதான். பிரேக் அபாரம். பள்ளங்களை விழுங்கியது. ஆனால் மெதுவாகப் போகும் டிராஃபிக்கில் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சாய்ந்து விழப் பார்த்தது. முழுக்கத் திருப்பினால் தடித்த குழாய் டேங்கில் இடித்தது. டேங்கின் இருபுறமும் கட்டைவிரல் அளவு நெளிசல். ஸ்டீயரிங் தடுப்புகளைக் கூட்டினால் இடிக்காது, ஆனால் யூ டர்ன் அடிக்க ரோடு போதாது. சாவி போட்டுப் பூட்டுகிற ஹேண்டில் லாக் பொருந்தவில்லை. புலிக்கண் தலையும் போய்விட்டது. ஆம்பியர் மீட்டர் பக்கவாட்டில் ஒரு தகட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஸ்டெம்மை அழுத்தி எடுத்துப் புது யோக்கில் அழுத்திப் பொருத்தியிருந்தார்கள். அது நல்ல பிரஸ், நல்ல லேத் உள்ள இடத்தில் செய்யக்கூடிய வேலை. ஸ்டெம்மை வெல்டிங் வைத்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வேறு கம்பெனி ஃபோர்க்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல்சர் 220இன் 37 மி.மீ. ஃபோர்க் எளிதில் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அது 17 அங்குலச் சக்கரத்துக்கான ஃபோர்க். 90/90 டயரோடு அதன் ஆரம் சுமார் 297. முன்பக்கம் 27 மி.மீ. இறங்கி, சாய்வு ஒரு டிகிரிக்கு மேல் நிமிர்ந்து, ட்ரெயில் 98இலிருந்து 80க்குக் கீழே போய்விடும். 19 அங்குல ரிம்மையே அதில் மாட்டினால் ஷாக் முழுக்க அமுங்கும்போது டயர் கீழ் யோக்கில் முட்டுமா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு விடை நெடுஞ்சாலைப் பள்ளத்தில் தெரிய வேண்டாம்.

எல்லாவற்றிலும் மலிவான இன்னொரு வழி ஊரெங்கும் நடக்கிறது: டிரம் ஃபோர்க்கின் அலுமினியக் காலில் காலிப்பர் மாட்ட ஒரு பிராக்கெட்டை வெல்டிங் வைப்பது. வேண்டாம். அந்த வார்ப்பு இந்த இழுவையைத் தாங்கச் செய்ததல்ல. விட்டுப் போகிற நேரம் எப்போதும் பிரேக்கை முழுக்கப் பிடித்த நேரமாகத்தான் இருக்கும்.

சட்டம்

இதைப் பேசாமல் நழுவுகிறவர்கள் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒரே கம்பெனிப் பாகம்தானே' என்ற சமாதானத்துக்கு அந்த வரிகளில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் இரட்டை லீடிங் டிரம்மும் அந்தக் கண்ணில் மாற்றம்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவதும், இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது சொல்லிவிடுவதும்தான் நேர்வழி. முதல் வழிக்கு, அதாவது அதே அளவில் புதுப்பிப்பதற்கு, இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. ஒப்பீட்டில் அதற்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி இதற்காகவே.

நான் சொல்வது

வாரத்துக்கு ஒருமுறை, ஊருக்குள், 60க்குள் ஓட்டுகிறவர் என்றால் ஃபோர்க்கைப் புதுப்பித்து, டிரம்மைக் கடைந்து, ஷூவைப் பொருத்தி ஓட்டுங்கள். அதைச் செய்து மூன்று மாதம் ஓட்டிய பிறகும் டிஸ்க் வேண்டும் என்று தோன்றினால், போட்ட காசு வீணாகாது. அதே குழாயும் கோன் செட்டும் இரண்டாம் வழிக்கு அப்படியே போகும். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர், பின்னால் மனைவியையோ குழந்தையையோ ஏற்றுகிறவர் என்றால் 35 மி.மீ. டிஸ்க்கின் பக்கம் நான் வாதாடுவேன். கம்பெனியே அந்தக் குழாயில் 280 டிஸ்க்கை மாட்டி விற்றது. யாரோ சோதித்துப் பார்த்த ஜோடி அது. 41 மி.மீ. என்பது தனியாக ஒரு வண்டி கட்டுகிற வேலை. பணம், இடம், நல்ல லேத், பொறுமை, சாலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் இருக்கிறவர் செய்யட்டும். பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தவர் அங்கே போக வேண்டியதில்லை.

எந்த வழியானாலும் பணம் கொடுக்குமுன் டேப்போடு உட்காருங்கள். ஸ்டெம்மின் நீளம், மேலும் கீழும் பேரிங் உட்காரும் விட்டம், இரு குழாய்களின் நடு இடைவெளி, கீழ் யோக்கிலிருந்து அச்சு வரை நீளம், அச்சின் பருமன். அச்சு காலின் நேர்கோட்டில் இருக்கிறதா, முன்னால் தள்ளியிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரெயிலை அதுவும் மாற்றும். விபத்து வண்டியிலிருந்து எடுத்த ஃபோர்க்கா என்று கடைக்காரர் சொல்லமாட்டார், கீழ் யோக்கின் தடுப்புக் காது சொல்லும்: அது நசுங்கியிருந்தால் முன்பக்கம் எங்கோ பலமாக மோதியிருக்கிறது.

பூட்டிய பிறகு முதல் 300 கி.மீ.யில் புதுக் கோன் செட் கட்டாயம் ஒருமுறை தளரும். மச்சானிடம் இதை இரண்டு முறை சொன்னேன். "வண்டி நல்லாத்தான் ஓடுது மாமா" என்றான். போன ஞாயிற்றுக்கிழமை முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தோம். டொக் டொக்.